எறும்பு தின்கிற கரடி மனிதரை ஏன் அடிக்கிறது?

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிற குடும்பம். இந்தத் தடவை தரிசனம் முடிந்ததும், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் சம்பந்தி வீட்டில் சில நாள் தங்கப் போகிறார்களாம். அங்கே வேலை செய்கிறவர்கள், "சிறுத்தை வந்தா வந்துட்டுப் போயிரும், கரடிதான் ஆளை அடிக்கும்" என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்கிறார். எறும்பும் கரையானும் பழமும் தின்கிற மிருகம், இறைச்சியே தின்கிற சிறுத்தையைவிட எப்படி ஆபத்தாகும்? செத்தவன் மாதிரிக் கிடந்தால் கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்று சின்ன வயதில் கேட்ட கதை நிஜமா? பிரான்மலையில் ஒரு காலத்தில் கரடி இருந்தது என்று அவருடைய அப்பத்தா சொல்வாராம். இனி அங்கே வருமா?

கேள்வி மூன்று என்றாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான். என்னைத் தின்னும் எண்ணமே இல்லாத விலங்கு என்னை ஏன் அடிக்க வேண்டும்? அது விளங்கிவிட்டால், மலைப் பாதையில் எப்படி நடப்பது என்பதும் விளங்கிவிடும். நான் தேவகோட்டைப் பக்கத்துக்காரன். காட்டுயிரியல் படித்துவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தக்காணத்துப் பாறைக் குன்றுகளிலும் கரடிகளின் உணவையும் நடமாட்டத்தையும் பல ஆண்டுகள் கவனித்து வந்தவன். அந்த அனுபவத்திலிருந்தும், இத்துறையில் மற்றவர்கள் செய்த ஆய்வுகளிலிருந்தும் சொல்கிறேன். எது உறுதி, எது ஊகம் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். விலங்கியலில் புலி, நாய், கரடி, கீரி எல்லாம் ஊனுண்ணி என்ற ஒரே வரிசையில் வருகின்றன. இந்த வரிசை பிறப்பு வழியைப் பார்த்துப் போட்டது. இன்று என்ன தின்கிறது என்பதைப் பார்த்துப் போட்டதல்ல. மேல்தாடையில் ஒரு பல்லும் கீழ்த்தாடையில் ஒரு பல்லும் ஒன்றோடொன்று உரசி இறைச்சியை நறுக்கும் அமைப்பு பெற்ற ஒரு மூதாதையிலிருந்து இவை அனைத்தும் கிளைத்தன. பிறகு இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிந்தன. பூனைக் கிளையில் புலி, சிறுத்தை, கழுதைப்புலி, கீரி, புனுகுப்பூனை வருகின்றன. நம் ஊரில் பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகளின் ஓட்டுக்கூரையில் குடியிருக்கிறதே மரநாய், அதுவும் பூனைக் கிளைதான். நாய்க் கிளையில் நரி, நீர்நாய், கடலில் வாழும் சீல், கரடி ஆகியவை வருகின்றன. கரடிகளுக்கு அந்த நறுக்கும் பல்லின் கூர்மை போய், அரைக்கும் பல்லாகத் தட்டையாகிவிட்டது. இன்று உலகில் எட்டு வகைக் கரடிகள் உள்ளன. பனிக்கரடி மட்டும் ஏறக்குறைய முழு இறைச்சிக்காரர். பாண்டா மூங்கில் தின்கிறது. மற்றவை கிடைத்ததைத் தின்கின்றன. இந்தியாவில் நான்கு வகை உண்டு. தமிழ்நாட்டில் இருப்பது ஒன்றே ஒன்று: நெஞ்சில் வெள்ளையாக V வடிவக் குறியும் பறட்டை முடியும் உள்ள தேன்கரடி. இனி நான் கரடி என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

இதன் மண்டையோட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். மேல்வரிசை முன்பற்களில் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு பற்கள் கிடையாது. விழுந்து போனவை அல்ல, அமைப்பே அப்படித்தான். அந்த இடைவெளிக்குப் பின்னால் மேலண்ணம் நீளமாகக் குழிந்து போயிருக்கும். கட்டைவிரலை வைத்தால் உள்ளே அமிழும். உயிரோடு இருக்கும்போது இதோடு நீண்டு குவியும் உதடுகளும், வேண்டும்போது மூடிக்கொள்ளும் மூக்குத் துளைகளும் சேர்கின்றன. முன்னங்காலில் விரல் நீளத்துக்கு வளைந்த நகங்கள். புற்றை உடைத்து, வாயை ஓட்டைக்குள் வைத்து, முதலில் ஊதி மண்ணை விலக்கி, பிறகு கரையானை உறிஞ்சி எடுக்கிறது. மூக்கை மூடிக்கொள்வதால் தூசியும் பூச்சியும் உள்ளே போவதில்லை. 1791-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இந்த நகத்தையும் பற்கள் குறைந்த வாயையும் பார்த்துவிட்டு, தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத் என்ற சோம்பல் விலங்கோடு சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார். சில ஆண்டுகளிலேயே அது கரடிதான் என்று திருத்தப்பட்டது. சோம்பலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சங்கப் புலவர்கள் இந்தக் காட்சியை ஷாவுக்கு வெகுகாலம் முன்பே சரியாகப் பார்த்திருக்கிறார்கள். மின்மினி மொய்த்த புற்றை ஆண் கரடி இரவில் கிண்டும்போது பொறி பறப்பது போலிருக்கிறது, கரடி உலைக்களத்துக் கொல்லனைப் போல இருக்கிறது என்று அகநானூற்றில் ஒரு பாட்டு. அந்த உவமையின் அருமை, அருகில் நின்று கேட்டால்தான் முழுதாகத் தெரியும். கரடி ஊதுவதும் உறிஞ்சுவதும் துருத்தி ஊதுகிற சத்தம்தான். அமைதியான காட்டில் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

நீங்கள் கேட்ட ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. தலையைப் புற்றுக்குள் விட்டு இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு சாப்பிடுகிற விலங்குக்கு, பாதையில் வருகிற ஆளின் காலடி கேட்காது. கண்பார்வை இயல்பிலேயே குறைவு. முகரும் சக்தி மிகக் கூர்மை. ஆனாலும் காற்று நம் பக்கமிருந்து அடித்தால்தான் அது பயன்படும். எதிர்க்காற்றில் வருகிறவனை அது பத்துப் பதினைந்து அடியில்தான் திடீரென்று உணர்கிறது. சிறுத்தையின் பிழைப்பு இதற்கு நேர்மாறு. தான் தெரியாமல் பிறரைத் தெரிந்துகொள்வதுதான் அதன் தொழில். நாம் வளைவு திரும்புவதற்குள் அது நம்மைக் கேட்டு, பார்த்து, புதருக்குள் ஒதுங்கியிருக்கும். காயம்பட்ட சிறுத்தை வேட்டையாட முடியாமல் பட்டினி கிடக்கும் என்பதால் வேண்டாத சண்டையைத் தவிர்ப்பது அதற்கு லாபம். கரையான் தின்கிற கரடிக்கு ஒளிந்து நடக்கும் தேவையே இருந்ததில்லை. சிறுத்தையால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். உத்தராகண்டிலும் மகாராஷ்டிரத்திலும் சிறுத்தை தாக்கி இறந்தவர்கள் பலர். ஆயினும் நடந்து போகிறவன் வழியில் திடுக்கிட்டு மோதிக்கொள்ளும் வாய்ப்பு கரடியோடுதான் அதிகம். தோட்டத்து ஆட்கள் சொன்னது அனுபவத்தில் வந்த பேச்சு, அதை நம்புங்கள்.

திடுக்கிட்டால் ஓடிவிடலாமே, ஏன் பாய வேண்டும்? வட அமெரிக்கக் காட்டில் உள்ள கருங்கரடி பெரும்பாலும் மரத்தில் ஏறிவிடும், இல்லையென்றால் ஓடிவிடும். நம் கரடி பாய்கிறது. இதற்கு உயிரியலாளர்கள் தரும் விளக்கம் புலி. இந்தக் கரடி உருவானது அடர்காட்டில் மட்டுமல்ல. புல்வெளியும் புதரும் சிதறிய மரங்களுமான வறண்ட நிலத்திலும் அது வாழ்ந்தது. அங்கே குட்டியை ஏற்றிவிட மரம் பக்கத்தில் இருக்காது. இருந்தாலும் சிறுத்தை மரமேறும். கரையான் தோண்டுவதற்கென்று வளர்ந்த உடல், தூரம் ஓடித் தப்புவதற்கும் தோதானதல்ல. மிச்சமிருக்கும் வழி, எழுந்து நின்று, கத்தி, முதலில் அடிப்பது. தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு திரிவதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது. கரடி இனங்களில் இதை வழக்கமாகவே செய்வது இது மட்டும்தான். முதுகுப் பக்கத்து நீள முடியைக் குட்டி பற்றிக்கொள்ளும், ஆறேழு மாதம் வரை இந்தச் சவாரி நடக்கும். 2018-ல் மகாராஷ்டிரத்தின் தடோபாவில் எடுத்த காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குட்டியோடு வந்த தாய்க்கரடி ஒன்று, பெரிய ஆண் புலியிடம் கடிபட்டும் விடாமல் எதிர்த்து நின்று கடைசியில் அதை விலகிப் போக வைத்தது. எல்லாக் கரடிகளுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. கரடியைக் கொன்று தின்ற புலிகளும் உண்டு. எதிர்த்து நிற்கிற குணம் தலைமுறை தலைமுறையாக உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

இருந்தாலும் இது விளக்கம்தான், நிரூபணம் அல்ல. இலங்கையில் இதே இனத்தின் ஒரு கிளை வாழ்கிறது. அங்கே புலி கிடையாது, சிறுத்தை மட்டும்தான். ஆனாலும் அங்குள்ள கரடிகள் நம்முடையதைவிடச் சாதுவானவை அல்ல. புலிதான் காரணம் என்றால், புலி இல்லாத தீவில் குணம் மாறியிருக்க வேண்டாமா என்று கேட்பது நியாயம். இதற்கு இரண்டு பதில் சொல்லலாம். இலங்கையிலும் பழங்காலத்தில் புலி இருந்ததற்குப் புதைபடிவச் சான்று கிடைத்திருக்கிறது. பரிணாமக் கணக்கில் அது போய் நெடுங்காலம் ஆகவில்லை. அல்லது புலியோடு யானை, சிறுத்தை, கற்காலத்திலிருந்தே ஈட்டியோடு திரிந்த மனிதன் எல்லாம் சேர்ந்து இந்தக் குணத்தை உருவாக்கியிருக்கலாம். எனக்கு இரண்டாவது பதிலில் நம்பிக்கை அதிகம். அது என் கருத்து, அவ்வளவுதான். திடுக்கிட்ட கரடி தற்காப்புக்காக அடிக்கிறது, பசிக்காக அல்ல என்ற முடிவில் மட்டும் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

எண்களும் அதைத்தான் சொல்கின்றன. சத்தீஸ்கர் பிரிவதற்கு முந்தைய மத்தியப் பிரதேசத்தில், 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரை கரடியிடம் சிக்கியவர்கள் 735 பேர். அவர்களில் இறந்தவர்கள் 48 பேர். நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. தின்பதற்காக வரும் விலங்கு என்றால் கணக்கு இப்படி இருக்காது. ஆனால் பிழைத்தவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கரடி எழுந்து நின்றால் அதன் கை நம் முகத்தின் உயரத்துக்கு வருகிறது. கண், மூக்கு, தாடை, தலைத்தோல் இங்கேதான் அடி விழுகிறது. முகம் சிதைந்தவர்களை மலைக் கிராமங்களில் சந்தித்திருக்கிறேன். கரடியைக் காப்பாற்ற வேண்டும் என்று நகரத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் அவர்களையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அவர்களுடைய சம்மதமும் ஒத்துழைப்பும் இல்லாமல் எந்தக் கரடியும் காப்பாற்றப்படப் போவதில்லை.

இனி செத்தவன் போலக் கிடக்கிற கதை. கதையில் சொல்கிற காரணம் தவறு, செய்கிற காரியம் பாதி சரி. கரடி பிணத்தைத் தொடாது என்பது பொய். செத்த விலங்கின் இறைச்சியை அது எப்போதாவது தின்பதுண்டு. ஆனால் நம் கரடி அடிப்பது தற்காப்புக்கு. எதிரே இருப்பவன் இனி ஆபத்தில்லை என்று அதற்குத் தோன்றினால் பெரும்பாலும் விட்டுவிட்டு ஓடிவிடும், சண்டை நீள்வதில்லை. அதனால்தான் கரடிகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள் சொல்வது இது: அது மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுங்கள், முகத்தைத் தரையோடு ஒட்டுங்கள், இரண்டு கை விரல்களையும் கோத்துப் பிடரியை மூடுங்கள், அது போகும்வரை அசையாதீர்கள். கதையில் வருகிறவன் மல்லாந்து கிடப்பதாகப் படம் போடுவார்கள். மல்லாந்து படுப்பது மிகத் தவறு, முகத்தை அதற்கு நீட்டிக் கொடுத்தது போலாகும். இது மேலே விழுந்த பிறகு செய்ய வேண்டியது. ஐம்பது அடி தூரத்தில் கரடி நின்றுகொண்டிருக்கும்போது போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அப்போது ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து, அது போக வழி விடுவதுதான் சரி. இந்த அறிவுரை இந்தக் கரடிக்கு உரியது. வெளிநாட்டில் மகனோ மகளோ இருக்கும் இடத்துக்குப் போனால் அங்குள்ள கரடிக்கு அங்குள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளத்தை நோக்கி ஓடினால் கரடியின் முடி கண்ணில் விழுந்து மறைத்துவிடும் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். செய்துவிடாதீர்கள். சரிவிலும் அது நம்மைவிட வேகமாக ஓடும். மரத்தில் ஏறுவதும் வீண். தேனடைக்காக அது ஏறுகிற உயரத்தில் பாதிகூட நம்மால் ஏற முடியாது.

உங்கள் நடைப்பயண வழியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆயிரக்கணக்கானவர்கள் காவடியும் பாட்டும் விளக்குமாகப் போகிற சாலைக்குக் கரடி வராது. கவனம் வேண்டியது தாண்டிக்குடியில்தான், அதுவும் நீங்கள் போகிற பருவத்தில். கரடி பெரும்பாலும் கார்த்திகை முதல் தை வரையிலான மாதங்களில், பாறைக் குகையிலோ தோண்டிய வளையிலோ குட்டி போடும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றோ இரண்டோ குட்டிகளோடு வெளியே வரும். தைப்பூசம் முடிந்து நீங்கள் மலையில் இருக்கும் நாட்களில் சில தாய்கள் குகையில் இருக்கும், சில அப்போதுதான் வெளியே வந்திருக்கும். அதிகம் சீறுகிற காலம் அதுதான். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பாறை இடுக்குகளுக்குள் எட்டிப் பார்க்கப் போக வேண்டாம். கருக்கலிலும் மசங்கல் நேரத்திலும் தோட்டத்துக்குள் தனியாக நடக்க வேண்டாம். நடந்தால் மூன்று நான்கு பேராக, பேசிக்கொண்டே, கையில் கழியோடு போங்கள். வளைவுக்கு முன்னால் கழியால் தரையைத் தட்டுங்கள். காட்டில் அமைதியாக நடப்பதுதான் நாகரிகம் என்று படித்தவர்கள் நினைப்பதுண்டு. கரடி இருக்கும் மலையில் அந்த நாகரிகம் வேண்டாம். வீட்டு நாயையும் கூட்டிப் போகாதீர்கள். அது குரைத்துக் கரடியைக் கிளப்பிவிட்டு, பயந்து நேராக எஜமானிடம் ஓடி வரும், கரடி அதன் பின்னால் வரும்.

சம்பந்தி வீட்டாரிடம் ஒன்றிரண்டு சொல்லுங்கள். பலா பழுக்கும் காலத்தில் வீட்டுக்கும் ஆட்கள் குடியிருப்புக்கும் அருகிலுள்ள மரங்களில் காயை முன்னதாகவே இறக்கிவிடுவது நல்லது. பழம் வெடித்து மணம் பரவிய பிறகு இறக்கினால் கரடி வழியைப் படித்துவிடும். நடைபாதையை ஒட்டிய உண்ணிச்செடிப் புதரை இரு பக்கமும் சில அடிக்கு வெட்டிவிட்டால், ஆளும் கரடியும் ஒருவரையொருவர் முன்னதாகவே பார்த்துக்கொள்ள முடியும். அந்தச் செடியின் பழத்தைக் கரடி விரும்பித் தின்னும் என்பதால் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்ல மாட்டேன். பாதை ஓரம் போதும். தொழிலாளர் குடியிருப்பில் கழிப்பறை வீட்டோடு இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விடியுமுன் செடி மறைவுக்குப் போய் அடிபட்டவர்களின் பட்டியல் நாடெங்கும் நீளமானது. கரடித் தாக்குதலைக் குறைக்க ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் நான் கழிப்பறைக்குத்தான் செய்வேன். தோட்டத்தில் கரடி வந்த தடத்தைக் கண்டால் பயந்து வெடி போட வேண்டாம். வந்ததற்கு அடையாளம் எளிது: புற்றின் அடியில் குடம் நுழையும் அளவுக்குக் குழி, சுவரில் ஐந்து கோடாக நகக் கீறல், பக்கத்தில் கருப்பான எச்சம். அந்த எச்சத்தைக் குச்சியால் கிளறினால் எறும்புத் தலைகளும் பளபளக்கும் கொன்றை விதைகளும் கிடக்கும். அந்த விதைகளில் பல முளைக்கும். சரக்கொன்றை, நாவல், இலந்தை, அத்தி என்று மலையில் மரம் நடுகிற வேலையில் கரடிக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரான்மலைக்கு வருகிறேன். அப்பத்தா சொன்னதை நான் ஒதுக்க மாட்டேன். பாரியின் பறம்பு என்று கருதப்படும் மலை அது. உழவர் உழாமலே அங்கே நான்கு பொருள் விளையும் என்று கபிலர் புறநானூற்றில் பட்டியலிடுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இதில் பலாவும் தேனும் கரடிக்கு உயிர். கரடி இருப்பைப் பூவுக்கு வருவதையும் சங்கப் பாட்டுகள் சொல்கின்றன. இருப்பை என்பது நம் இலுப்பைதான். இலுப்பைக்குடி என்று ஊரே இருக்கிற மண் இது. பாட்டு கணக்கெடுப்பு ஆகாது, கபிலர் கரடியைப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. ஆனாலும் உணவும் பாறைக் குகையும் ஒருங்கே இருந்த மலையில் கரடி இருந்திருக்கும் என்று நினைப்பது ஒரு உயிரியலாளனுக்குக் கூச்சம் தரும் ஊகமல்ல. கர்நாடகத்தில் ஹம்பிக்குப் பக்கத்தில் தரோஜி என்ற இடத்தைக் கரடிகளுக்கென்றே 1994-ல் சரணாலயமாக்கினார்கள். வெயிலில் காயும் மொட்டைப் பாறையும் முட்புதரும்தான் அங்கே. நம் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இனித் தானாக வருமா என்றால், வராது. உணவு குறையல்ல, செட்டிநாட்டுச் செம்மண்ணில் புற்றுக்கு என்ன பஞ்சம்? ஒவ்வொரு மழைக்கும் ஈசல் கிளம்புகிற ஊர். தடை வழிதான். கீழ்ப்பழனியிலிருந்து ஒரு கரடி சிறுமலை, கரந்தமலை வழியாகப் பிரான்மலைக்கு வர வேண்டுமென்றால் திண்டுக்கல் – மதுரை நான்குவழிச் சாலையையும் ரயில் பாதையையும், பிறகு நத்தம் சாலையையும், கடைசியில் திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையையும் தாண்ட வேண்டும். இடையில் வயலும் ஊரும் கல்குவாரியும். அப்படி ஒரு கரடி வந்து சேர்ந்தாலும், ஒரு குன்றில் ஒன்றிரண்டு கரடிகள் இருப்பது கூட்டமாகாது. சில தலைமுறையில் நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி போட்டு நலிந்துவிடும். கொண்டுவந்து விடலாமே என்றும் சிலர் கேட்பார்கள். சுற்றிலும் இத்தனை ஊர் இருக்கும்போது அதை நான் ஆதரிக்க மாட்டேன். கரடிக்கும் நல்லதல்ல, ஆடு மேய்க்கிறவருக்கும் நல்லதல்ல.

அதற்குப் பதில் அந்தக் குன்றுகளில் இன்னும் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விட்ட ஏலம், ஊர்மக்கள் எதிர்த்து நின்றதால் 2025 ஜனவரியில் ரத்தானது. அந்த மலைகளில் அழுங்கு இருக்கிறது. எறும்பு தின்னி என்று சொல்வோமே, அதுதான். கரடி இல்லாத நம் பக்கத்தில் புற்றைத் தோண்டித் தின்கிற வேலை அதனுடையது. செதிலுக்காக அதைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கிறார்கள். நம் கண்மாய்க்கரையிலும் முந்திரிக்காட்டிலும் நரி, காட்டுப்பூனை, புனுகுப்பூனை எல்லாம் உண்டு. நரிக்கொம்பு என்று ஒன்றை விற்பதற்காக நரியைக் கொல்கிறார்கள். நரிக்குக் கொம்பே கிடையாது. முன்பு ஊருக்குள் கரடி கொண்டுவந்து வித்தை காட்டி, பயந்த பிள்ளைகளுக்கு அதன் முடியைத் தாயத்தில் அடைத்துக் கொடுத்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஒவ்வொரு கரடியும் தாயைக் கொன்றோ விரட்டியோ பிடித்த குட்டி. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அந்தத் தொழிலில் இருந்த குடும்பங்களுக்கு வேறு பிழைப்பு ஏற்படுத்திக் கொடுத்ததும் சேர்ந்துதான் அது நின்றது. 2009-ல் கடைசி ஆட்டக்கரடியும் மீட்கப்பட்டது. சட்டம் மட்டும் இருந்த காலத்தில் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மொத்தம் எத்தனை கரடி மிச்சம் என்றும் இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். புலிக்கு 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 306 என்று சொல்ல முடிகிறது. வரிகளை வைத்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம். கரடிக்கு உடலில் வரி இல்லை. நெஞ்சுக்குறி வேறுபடும், ஆனால் கேமராவுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு எந்தக் கரடியும் நடப்பதில்லை. உலகில் இருபதாயிரத்துக்குக் கீழ் என்று சொல்லப்படும் எண் நிபுணர்களின் மதிப்பீடு, எண்ணிப் பார்த்ததல்ல. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் நிலையான கூட்டம் இல்லை, வங்காளதேசத்தில் அற்றுப்போய்விட்டது, வாழிடம் சுருங்கி வருகிறது என்பவை உறுதி. பாறைக் குன்றை உடைத்து ஜல்லியாக்கும்போது குட்டி போடும் குகையும் போகிறது. அதை மரம் நட்டு ஈடு செய்ய முடியாது.

கடைசியாக, யாருக்காவது அடி பட்டுவிட்டால் செய்ய வேண்டியது. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். 108-ஐ அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோங்கள். கீறல் சிறியதாக இருந்தாலும் ரேபிஸ் தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி இரண்டையும் மருத்துவரிடம் கேளுங்கள். காட்டு விலங்கு கடித்தது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நான் மருத்துவன் அல்ல, இதற்கு மேல் அவர்கள் சொல்வதுதான். வனத்துறை அலுவலகத்திலும் அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், இழப்பீட்டுக்கு அந்தப் பதிவு வேண்டியிருக்கும்.